கொடுமணல்: நொய்யல் கரையின் தொழில் ஊர்

ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் இன்று ஒரு சிற்றூர். அது ஒரு காலத்தில் நகரமாக இருந்தது என்கிறார்களே, அப்போது எத்தனை பேர் இருந்திருப்பார்கள், இப்போது ஏன் இவ்வளவு சுருங்கிவிட்டது, நொய்யல் ஆறுதான் ஊரை அழித்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பழைய ஊரை ஆறு அழிக்கவில்லை. ஆற்றங்கரை ஊர் என்றாலே வெள்ளம் வந்து மூழ்கடித்த கதையை எதிர்பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. கொடுமணலின் கதை அப்படிப்பட்டதில்லை. அந்த ஊரைப் பிழைக்க வைத்தவை கல்லும் கைவேலையும் வழியும். அந்த மூன்றையும் புரிந்துகொண்டால் மக்கள்தொகைக் கணக்கும் தானாகப் பிடிபடும்.

முதலில் இடம். நொய்யல், கோவைக்கு மேற்கே வெள்ளிங்கிரி மலையில் பிறக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக 160 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, கொடுமுடிக்குக் கீழே நொய்யல் என்ற ஊருக்கு அருகில் காவிரியில் கலக்கிறது. பேரூர்ப் புராணம் இதைக் காஞ்சி மாநதி என்று பாடுகிறது. இந்த ஆற்றின் வடகரையில், ஈரோட்டிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில், சென்னிமலைக்கு மேற்கே கொடுமணல் இருக்கிறது. பெருந்துறை வட்டம், சென்னிமலை ஒன்றியம். திருப்பூர் மாவட்ட எல்லை பக்கத்திலேயே வந்துவிடும்.

கோவையை அடுத்த பேரூர்ப் பக்கம் நொய்யலைப் பார்த்துவிட்டுக் கொடுமணலுக்கு வருகிறவர்கள் இரண்டும் ஒரே ஆறா என்று திகைப்பார்கள். மேலே அணைக்கட்டுகளும் குளங்களும் நெல் வயல்களுமாக ஒரு நீர்நாடு. கீழே, கொடுமணல் பக்கம், மழை மறைவுப் பிரதேசம். ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்தால் பெரிது. அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும். மண் செம்மண்ணும் சரளையும். கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல் விட்டு, நடுவே வெள்வேல மரம் நிற்கும் மேய்ச்சல் காடுகள். காங்கேயம் மாடுகள் வளர்ந்த நிலம் இது. சோளம், கம்பு, எள், நிலக்கடலை என்று வானம் பார்த்த பயிர்கள். இப்படிப்பட்ட நிலத்தில் வயலை மட்டும் நம்பி ஒரு பெரிய ஊர் உருவாகியிருக்க முடியாது. ஆனால் உருவானது.

காரணம் தரைக்கு அடியில் இருந்தது. படியூரில் பெரில் என்னும் கடல்நிறப் பச்சைக்கல் கிடைத்தது. சிவன்மலையில் நீலக்கல். அரசம்பாளையம், வெங்கமேடு பக்கம் படிகம். சென்னிமலையில் இரும்புத்தாது. எல்லாமே மாட்டு வண்டியில் ஒரு நாளில் எட்டிவிடும் தொலைவுதான். படியூர்ச் சுரங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட ஹீத் என்ற ஆங்கிலேயரால் வெட்டப்பட்டது என்றால் அந்தக் கல்லின் வளத்தை நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளலாம். கி.பி. முதல் நூற்றாண்டு ரோம எழுத்தாளர் பிளினி, பெரில் இந்தியாவில் விளைகிறது, பிற இடங்களில் அரிது என்று எழுதி வைத்தார். அவருடைய ஊர்ச் செல்வர்கள் அணிந்த பச்சைக்கற்களில் ஒரு பகுதியாவது இந்தக் காங்கேயம் சீமைக் கரட்டிலிருந்து போயிருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

அடுத்தது வழி. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான் அகன்ற வாசல். மேலைக் கடற்கரையிலிருந்து அந்த வாசல் வழியாக உள்ளே வருகிறவன், நொய்யலை ஒட்டியே கிழக்கே நடந்தால் காவிரியையும் சேரர் தலைநகரான கரூரையும் அடைந்துவிடலாம். கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் ரோமானிய நாணயங்கள் குவியலாகக் கிடைத்ததும் இதே வழியில்தான். கொடுமணல் அந்த வழியின் நடுவில் இருக்கிறது. நொய்யலில் படகுப் போக்குவரத்து நடந்ததாக எண்ண வேண்டாம்; ஆறு குடிநீரும் கொடுத்து, வழியும் காட்டியது. கூட்டமாகப் பயணம் போகும் வணிகச் சாத்துக்கு அது போதும்.

சங்க இலக்கியத்தில் பதிற்றுப்பத்து இரண்டு இடங்களில் இந்த ஊரைச் சொல்கிறது. 67ஆம் பாட்டில் கபிலர். 74ஆம் பாட்டில் அரிசில்கிழார். "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்" என்பது அரிசில்கிழாரின் அடி: கொடுமணத்தில் செய்த, வேலைப்பாட்டால் சிறந்த அரிய அணிகலன். இரண்டு புலவர்களும் இதனோடு சேர்த்துப் பந்தர் என்ற ஊரின் முத்தையும் பேசுகிறார்கள். கடலோரத்துக்கு முத்து, உள்நாட்டுக்கு மணி. சேர அரசன் பரிசாகக் கொடுக்கும் பொருளுக்கு இன்ன ஊர் வேலை என்று முத்திரை குத்திச் சொல்லும் அளவுக்கு அந்த ஊரின் கைவேலைக்குப் பெயர் இருந்திருக்கிறது. அந்தக் கொடுமணம் இந்தக் கொடுமணல்தான் என்று எடுத்துக்காட்டியவர்களில் ஈரோட்டுக் கல்வெட்டறிஞர் புலவர் செ. இராசு முக்கியமானவர்.

பாட்டில் இருந்ததைக் குழியில் காட்டியது அகழாய்வு. 1961இல் மத்தியத் தொல்லியல் துறையின் சீனிவாச தேசிகன் ஒரு சிறு சோதனைக்குழி போட்டார். பெரிய அளவில் வேலை நடந்தது 1985 முதல், தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய அகழாய்வுகளில்; எ. சுப்பராயலு, கா. இராஜன் ஆகியோரின் பெயர்கள் இவற்றோடு இணைந்தவை. 1990களின் பிற்பகுதியில் மாநிலத் தொல்லியல் துறை, 2012, 2013இல் இராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகம், 2020இல் மீண்டும் மாநிலத் துறை என்று தொடர்ந்து தோண்டியிருக்கிறார்கள்.

2012, 2013 அகழாய்வில் கிடைத்த கரித்துண்டுகளின் காலக்கணிப்பு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 120 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 408 என்று வந்தது. தரையிலிருந்து வெறும் 15 சென்டிமீட்டரில் எடுத்தது கி.மு. 200. இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ரோமர்கள் எகிப்தைப் பிடித்து, செங்கடல் வழியாகக் கடல் வாணிகத்தைப் பெருக்கியது கி.மு. 30க்குப் பிறகு. அதற்கு முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கொடுமணலில் பட்டறைகள் ஓடிக்கொண்டிருந்தன. கொடுமணல் என்றதும் ரோமானியர்களுக்கு மணி செய்து கொடுத்த ஊர் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது தலைகீழ் வரலாறு. உள்ளூர்க் கல்லும் உள்நாட்டுச் சந்தையும் வளர்த்த ஊர் இது. வெளிநாட்டு வாங்குபவர் பின்னால் வந்து சேர்ந்தார்.

பட்டறைக்குள் போவோம். வாழ்விடப் பகுதியில் கிடைத்தவை முழு மணிகள் மட்டுமல்ல. அப்படியே வெட்டி எடுத்த கச்சாக்கல், தட்டி உருவாக்கிய துண்டு, தேய்த்துப் பாதியில் விட்டது, மெருகு ஏற்றியும் துளை போடாதது, துளை போடும்போது பிளந்து தூக்கி எறிந்தது என ஒரு மணி பிறக்கும் எல்லா நிலைகளும் அங்கே கிடக்கின்றன. எனக்கு நல்ல மணியைவிட உடைந்த மணிதான் பெரிய சாட்சி. நல்ல மணி விலைக்கு வாங்கி வந்ததாக இருக்கலாம். துளை பாதியில் நிற்க இரண்டாகப் பிளந்த நீலக்கல்லை யாரும் வாங்கி வரமாட்டார்கள். அது அந்த இடத்தில், ஒரு வேலைக்காரரின் கையில் உடைந்தது. நீலக்கல் மிகக் கெட்டியானது. அதைத் துளைக்கக் கூடிய கூரான கருவியும், நாள் கணக்கில் பொறுமையும், தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய பழக்கமும் வேண்டும்.

உள்ளூர்க் கல்லோடு அவர்கள் நிற்கவில்லை. சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லும் அகேட் என்னும் வரிக்கல்லும் குஜராத், மகாராட்டிரப் பக்கத்திலிருந்து வந்தவை. லாபிஸ் லசூலி என்னும் ஆழ்ந்த நீலநிறக் கல் ஆப்கானிஸ்தானத்திலிருந்து. ஒரே ஒரு ஈமக்குழியில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. மணி உள்ளூரில் செய்யப்பட்டது. கல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தது. கச்சாப் பொருளை வெளியிலிருந்து தருவித்து, வேலைத்திறனைச் சேர்த்து, திரும்ப வெளியே விற்கும் தொழில்முறை இது. வெண்கலத்தில் வார்த்து, உடலில் சூதுபவளமும் நீலக்கல்லும் பதித்த ஒரு சிறிய புலி உருவமும் இங்கே கிடைத்திருக்கிறது. படங்களில் பார்த்தாலே பதித்தவரின் கைநேர்த்தி தெரியும்.

இரும்பு வேலை தனிக் கதை. உலைகளின் அடிப்பாகங்கள், காற்றூதும் குழாய்கள், உருக்கியபின் மிஞ்சும் இரும்புக் கிட்டம், உருக்கு செய்யப் பயன்பட்ட மூசைகள் கிடைத்திருக்கின்றன. மூசையில் இரும்பை அடைத்து மூடி உயர்ந்த வெப்பத்தில் உருக்காக்கும் நுட்பம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சுடுமண் தக்களிகள் நூல் நூற்றதைச் சொல்கின்றன. நொய்யல் கரையில் பஞ்சுக்கும் நூலுக்கும் உள்ள உறவு திருப்பூரில் தொடங்கியதில்லை.

இந்தத் தொழிலாளர்கள் எழுதவும் தெரிந்தவர்கள். தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் 500க்கும் மேல் இங்கே கிடைத்திருக்கின்றன. ஆதன், கண்ணன், பண்ணன், குவிரன் என்று ஆட்பெயர்கள். வணிகக் குழுவைக் குறிக்கும் நிகம என்ற சொல்லும் உண்டு. பிராகிருதப் பெயர்களும் கலந்திருக்கின்றன. அரசனின் ஆணையோ வெற்றிப் புகழோ இந்த ஓடுகளில் இல்லை. தன் சட்டி தன்னுடையது என்று காட்ட ஒருவர் பெயரைக் கீறி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். எழுத்து அரண்மனைக்குள் அடங்காமல் அடுப்படி வரை வந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இதே ஈரோடு மாவட்டத்தில், அறச்சலூர் மலைக் குகையில் இசைக்கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதைப் பொறித்தவர் தம்மை "மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன்" என்று சொல்லிக்கொள்கிறார். மணியின் தரம் பார்ப்பவர் என்று அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். கொடுமணலை விடப் பிற்பட்ட காலத்துக் கல்வெட்டு அது. இந்த வட்டாரத்தில் மணித்தொழில் எவ்வளவு வேரோடியிருந்தது என்பதை அந்த ஒரு பட்டம் காட்டிவிடுகிறது.

இனி மக்கள்தொகைக்கு வருகிறேன். பழைய வாழ்விடம் சுமார் 15 ஹெக்டேர் என்று அகழாய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள புதைகாடு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நெருக்கமாக வீடு கட்டி வாழ்ந்த பழைய ஊர்களுக்கு ஹெக்டேருக்கு 100 முதல் 200 பேர் என்று வைத்துக் கணக்குப் போடுவது ஆய்வாளர்களிடையே உள்ள ஒரு தோராய முறை. அதன்படி 1,500 முதல் 3,000 பேர் வரை வருகிறது. ஆனால் இந்த ஊரில் உலைக்களங்களும் பட்டறைகளும் குப்பை மேடுகளும் கணிசமான இடத்தை அடைத்திருந்தன. 15 ஹெக்டேரிலும் ஒரே காலத்தில் குடியிருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆகவே கீழ் எண்ணை ஒட்டி, 1,500 பேர் என்று வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. இன்றைய அளவில் அது பெரிதாகத் தெரியாது. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன், வறண்ட கொங்குச் சீமையில், பெரும்பாலும் பிறர் விளைத்த தானியத்தை வாங்கி உண்டு 1,500 பேர் வாழ்ந்தார்கள் என்பது மிகப் பெரிய செய்தி.

புதைகாட்டை வைத்து மக்களை எண்ணலாமே என்று சிலர் நினைக்கலாம். முடியாது. கல்வட்டம், கல்லறை, தாழி என்று பலவகை ஈமச்சின்னங்கள் அங்கே உண்டு. ஆளுயரத்துக்கு மேல் பலகைக் கற்களை நிறுத்தி, அறை தடுத்து, ஒரு பக்கம் வட்டத் துளை விட்டு, மேலே மூடுகல் வைத்துக் கட்டிய கல்லறைகளும் இருக்கின்றன. அப்படி ஒன்றைக் கட்டப் பலர் பல நாள் உழைக்க வேண்டும். ஊரில் எல்லாருக்கும் அது வாய்த்திருக்காது. 2020 அகழாய்வில் மூன்று அறை கொண்ட ஒரு கல்லறைக்கு வெளியே, வழக்கமாக மூன்று நான்கு இருக்கும் இடத்தில், பத்து மண்கலங்கள் இருந்தன. ஊர்த் தலைவர் போன்ற ஒருவருடையதாக இருக்கலாம் என்றார்கள். இறந்தவர்களிலும் ஏற்றத்தாழ்வு இருந்தது. கல்லறை இல்லாமல் போனவர்களை எந்தப் புதைகாடும் கணக்கில் காட்டாது.

ஊர் ஏன் ஓய்ந்தது? பழைய அறிக்கைகள் கி.பி. 3ஆம் நூற்றாண்டு வரை குடியிருப்பு நீடித்ததாகச் சொல்லும். புதிய காலக்கணிப்பைப் பார்த்தால் அதன் உச்சம் அதற்கு வெகு முன்பே இருந்திருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் சந்தையும் வழியும் இடம் மாறின, சேரர் வலிமை குறைந்தது, வேலைக்காரர்கள் கலைந்தார்கள் என்றே நான் கொள்கிறேன். வயலை நம்பிய ஊர் அரசு மாறினாலும் உழுதுகொண்டிருக்கும். கைத்தொழிலை நம்பிய ஊர் வாங்குவோர் இல்லாவிட்டால் ஒரு தலைமுறையில் காலியாகிவிடும்.

பின்னாளில் இங்கே உருவானது வேறு வகை ஊர். கொங்கு நாட்டுக் குடியிருப்பு மற்ற தமிழ் நாட்டுப் பகுதிகளைப் போல் ஒரே இடத்தில் கூடி நிற்பதில்லை. ஊர் என்று ஒரு சிறு தெருக்கூட்டம் இருக்கும். மீதிப் பேர் அவரவர் தோட்டத்தில் சாளை என்னும் தோட்டத்து வீடு கட்டிக் கிணற்றோடு குடியிருப்பார்கள். பாளையம், வலசு, புதூர் என்று சிறு சிறு குடியிருப்புகளாகச் சிதறியிருக்கும். அதனால் ஊருக்குள் நுழைந்து வீடுகளை எண்ணி, இவ்வளவுதான் மக்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஆறு அழித்ததா என்ற உங்கள் கேள்வியை நம் காலத்துக்குக் கொண்டுவந்தால் பதில் கொஞ்சம் மாறும். இங்கும் ஆறு குற்றவாளி இல்லை. ஆற்றைக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள். 1992இல் பக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே அணை கட்டி முடித்தார்கள். பாசனத்துக்காகக் கட்டியது. அதே ஆண்டுகளில்தான் மேலே திருப்பூரில் பனியன் ஏற்றுமதி பெருகி, சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் இறங்கியது. அணை சாயநீர்த் தொட்டியானது. மீன்கள் செத்து மிதந்தன, கிணறுகள் உப்பேறின, பாசனத்துக்குத் திறந்த தண்ணீரே பயிரைக் கருக்கியது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நிற்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பின் சுத்திகரிப்பு வந்தது. ஆனால் மண்ணிலும் கிணற்றிலும் இறங்கிய உப்பு நீதிமன்ற உத்தரவுக்குக் கட்டுப்படாது. தோட்டத்தையும் கிணற்றையும் நம்பிய குடும்பங்களின் பிள்ளைகள் வேலை தேடி வெளியே போனதில் இதற்கும் பங்கு உண்டு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

அவர்கள் போன திசையும் பெரும்பாலும் திருப்பூர்தான். 2001க்கும் 2011க்கும் இடையில் ஈரோடு மாவட்ட மக்கள்தொகை 20.2 லட்சத்திலிருந்து 22.5 லட்சமானது, சுமார் 12 விழுக்காடு வளர்ச்சி. மாநில சராசரி 15.6. அதே பத்தாண்டில் திருப்பூர் மாவட்டப் பகுதி 19.2 லட்சத்திலிருந்து 24.8 லட்சமாகி, 29 விழுக்காடு பெருத்தது. ஒரே ஆறு, அடுத்தடுத்த மாவட்டங்கள். கொடுமணல் இரண்டுக்கும் எல்லையில் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் பெறுவது குறைந்த சீமை இது; ஒன்று, இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் கொங்கில் வெகு காலமாக உண்டு. இளையவர்கள் பனியன் கம்பெனிக்கும் பெருந்துறைச் சிப்காட் தொழிற்பேட்டைக்கும் பஸ் ஏறுகிறார்கள். சிலர் மாலையில் திரும்புகிறார்கள், சிலர் அங்கேயே வீடு பார்த்துக்கொள்கிறார்கள். சாளையில் இருப்பது பெரும்பாலும் பெரியவர்களும் மாடும்.

ஊராட்சி வாரியான எண்ணிக்கை வேண்டுமென்றால் 2011 கணக்கெடுப்பின் ஈரோடு மாவட்டக் கையேட்டில் பெருந்துறை வட்டத்தின் கீழ் பாருங்கள். அடுத்த கணக்கெடுப்பு 2027இல். இரண்டையும் ஒப்பிடும்போது மொத்த எண்ணிக்கையோடு வீடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். வீடுகள் கூடி ஆட்கள் குறைந்திருந்தால் குடும்பங்கள் பிரிந்து சுருங்குகின்றன என்று பொருள். வீடுகளும் குறைந்திருந்தால் தோட்டங்களைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள்.

நேரில் பார்க்கப் போவதாக இருந்தால் மழை ஓய்ந்த தை, மாசியில் போங்கள். புதர் குறைந்து கல்வட்டங்கள் தெரியும். பல தனியார் நிலத்தில் இருக்கின்றன, தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே நுழையுங்கள். பானை ஓடோ மணியோ கண்ணில் பட்டால் எடுத்து வராதீர்கள். கிடந்த இடத்தோடு இருந்தால்தான் அது சான்று. எழுத்துக் கீறிய ஓடு எதையாவது கண்டால் இருந்த இடத்திலேயே படம் எடுத்து, எந்தத் தோட்டம், எந்த வரப்பு என்று குறித்து, மாநிலத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.